பக்கத்து வீட்டுத் தூக்கமும் என் சைலன்சரும்

நெய்வேலியில் எங்கள் தெருவில் கார் வைத்திருந்த ஒரே குமாஸ்தா நான். தெருவில் ஒருவருக்கும் அதில் சந்தோஷம் இல்லை. கடைசியில் எனக்கும் இல்லை.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. அலுவலகம் வீட்டிலிருந்து ஒன்றரை மைல். சைக்கிளை மிதித்தால் பத்து நிமிஷம். காரில் போனால், அது கிளம்பச் சம்மதிக்கிற நேரத்தையும் சேர்த்து, இருபது நிமிஷம். இருந்தாலும் காரில்தான் போவேன். காரணம் மாமனார் வீடு. அங்கே எனக்குச் ‘சைக்கிள் மாப்பிள்ளை’ என்று பெயர். என் சகலை ஜீப்பில் வந்து இறங்குகிறவர். ஒரு தீபாவளிப் பந்தியில் எனக்கு இலை போட மறந்துவிட்டார்கள். மறதிதான், குற்றம் சொல்லவில்லை. ஆனால் ஜீப்பில் வந்தவரை யாரும் மறக்கவில்லையே! வடக்கே மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி தன் பழைய காரை விற்கிறார் என்று கேள்விப்பட்ட அன்றே போய் வாங்கிவிட்டேன். அந்தக் கார் என்னைவிட வயதில் மூத்தது. பெரியவர்களுக்குக் கொடுக்கிற மரியாதையோடுதான் நடத்தினேன். அது சொன்னபடி கேட்டேன், அது நின்ற இடத்தில் நானும் நின்றேன்.

ஒரு வியாழக்கிழமை காலை, வண்டியைக் கிளப்பியதும் பின்பக்கத்திலிருந்து ‘டங், டங், டங்’ என்று சேகண்டி அடித்தது. இறங்கிக் குனிந்து பார்த்தேன். புகைக்குழாயின் வால் முனையை வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்த்துத் தூக்கிப் பிடித்திருக்க, நாலு விரல் அகலத்தில் ஒரு ரப்பர்ப் பட்டை இருக்கும். ஹேங்கர் என்பார்கள். அது இற்றுப்போய் ஒரு நூலில் ஊசலாடிக்கொண்டிருந்தது. எஞ்சின் ஓடும்போதெல்லாம் குழாய் ஆடி ஆடி அடித்தகட்டை இடித்தது. காலை எட்டு மணிக்கு அலுவலகம், மத்தியானம் சாப்பாட்டுக்கு வீடு, மறுபடி அலுவலகம், சாயங்காலம் வீடு என்று ஒரு நாளைக்கு நாலு வேளை சேகண்டி. கோயிலில்கூட அவ்வளவு கிடையாது.

எங்கள் குவார்ட்டர்ஸ் இரட்டை வீடு. நடுவில் ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சுரங்கத்தில் பெல்ட்காரர். பழுப்பு நிலக்கரியைச் சுமந்துகொண்டு ஓயாமல் ஓடுகிற ரப்பர் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று காவல் பார்க்கிற வேலை. அந்த வாரம் அவருக்கு நைட் ஷிஃப்ட். விடியற்காலம் ஷிஃப்ட் முடிந்து, ஆறரைக்கு வீடு வந்து, குளித்துச் சாப்பிட்டு எட்டு மணிக்குக் கண்ணை மூடுவார். எட்டு மணிக்குத்தான் நான் சேகண்டியை ஆரம்பிப்பேன்.

வியாழன் மத்தியானமே வேலி ஓரம் வந்து நின்றார்.

“சார், அது என்னா சத்தம்?”

“கார் சத்தம்.”

“காருதான்னு தெரியுது. நா நைட்டு முடிச்சிட்டு வந்து காலைலதான் படுத்தேன். மண்டையில ஆணி அடிக்கிறாப்பல இருக்குது.”

“ஆணி அடிச்சா நல்லதுதானே? காலண்டர் மாட்டிக்கலாம்.”

என் வாழ்க்கையில் நான் சொன்ன மோசமான பத்து நகைச்சுவைகளில் இதற்கு இடம் உண்டு. அவர் சிரிக்கவில்லை. வேலிக் கம்பின் மேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் ஆறரை மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வந்தவர், என் படுக்கையறை ஜன்னலுக்கு நேராகச் சைக்கிளை நிறுத்தி, நூறு தடவையாவது மணி அடித்துவிட்டுத்தான் இறங்கினார். அன்றிலிருந்து மனசுக்குள் அவரை ‘அவன்’ என்றே நினைத்தேன். எழுத்தில் ‘அவர்’ என்று போடுவது வயசான பிறகு வந்த மரியாதை.

அவர் சைக்கிள் மணிக்குப் பதிலடியாக நான் காரைச் சரிசெய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை காலையிலேயே கயிற்றுக் கட்டிலில் மிஞ்சிய கொச்சக்கயிற்றால் குழாயை இறுக்கிக் கட்டினேன். ஒரு மைல் வரை சத்தமே இல்லை. அலுவலக வாசலில் இறங்கியபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கார் கொடுத்த கௌரவம் என்று நினைத்துத் தலையசைத்தேன். பின்னால் கயிறு புகைந்துகொண்டிருந்தது. பியூன் ஒருவர் கூஜாத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றி அணைத்தார். “சாருக்கு வால்ல தீ வச்சிருக்காங்க, ஊர எரிக்காம உட மாட்டாரு” என்றார். மத்தியானம் வீடு திரும்பும்போது சேகண்டி வட்டியோடு ஒலித்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் வேலியைத் தாண்டி என் வாசலுக்கே வந்துவிட்டார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். கையில் ஒரு காகிதம்.

“படி.”

‘சார்’ போய்விட்டது. படித்தேன். வேலை நேரத்தில் தூங்கியதற்கு மெமோ.

“இது ரெண்டாவது. மொத மெமோ நானா வாங்கினது. இது நீ வாங்கிக் குடுத்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு நிமிசம் கண்ணு சொருகிடுச்சி, அந்த நேரம் பாத்து போர்மேன் வந்துட்டான். மூணாவது வந்தா சீட்டு கிழிஞ்சிடும். வேலயும் போச்சு, வூடும் போச்சு.”

“அதுக்கு நான் என்ன...”

“இரு, நா பேசிடறேன். பெல்ட்டுல ரப்பர் கருகுற வாட வந்தா ஓடிப்போயி ஓரத்துல போற கம்பியப் புடிச்சி இழுக்கணும். இழுத்தா பெல்ட்டு நிக்கும். அதான் என் வேல. நா தூங்கிட்டா யாரு இழுக்கறது? நீ வந்து இழுப்பியா, உன் காலண்டர எடுத்துக்கினு?”

காலண்டரை அவர் மறக்கவில்லை.

“சொரங்கத்துக்கு எடுத்தப்ப நெலம் வச்சிருந்தவனுக்குப் பணம் குடுத்தாங்க. கூலிக்குப் போன எங்களுக்கு என்னா குடுத்தாங்க? இந்த வேலய. அதையும் நீ புடுங்காத. புதன்கெழம வரைக்கும் எனக்கு நைட்டு. அது வரைக்கும் அந்தச் சனியன ஓட்டாத.”

இதற்கு ஒரு மனிதன் சொல்ல வேண்டிய பதில் ‘சரிங்க’. நாலெழுத்து. என் வாயில் வரவில்லை. “நாளைக்கு ஞாயித்துக்கிழமை, சரி பண்ணிடறேன்” என்று சொல்லிவிட்டு, “ஸ்பானர் செட் இருக்குமா உங்ககிட்ட?” என்றும் கேட்டேன்.

“இருக்குது.”

“கொஞ்சம்...”

“தர மாட்டேன்.”

அவர் போன பிறகு என் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள்.

“புதன்கெழம வரைக்கும் சைக்கிள்ல போனா, ஒங்க கிரீடம் கீழ விழுந்துருமாக்கும்?”

“பிரச்சினை அது இல்ல. ஒருத்தன் மிரட்டுறான்னு...”

“பிரச்சினை அதுதான். அவுக வீட்டுல ரெண்டு கைக்கொழந்த இருக்கு. ஒங்களுக்கு இருக்கது ஒங்கப்பா வச்ச திமிரு ஒண்ணுதான்.”

அவள் மதுரைப் பக்கம். அங்கே கணவன்மார்களைக் கண்டிப்பதற்கு மொழி தட்டுப்பாடு கிடையாது.

ஞாயிறு காலை என் ஆயுதங்களைப் பரப்பி வைத்தேன். ஒரு திருப்புளி. ஒரு கட்டிங் பிளேயர். கைப்பிடி இல்லாத ஆக்ஸா பிளேடு ஒன்று. மனைவியின் அரிவாள்மனை. அடுப்புக் கிளறுகிற இரும்புக் கம்பி. ஜாக்கி கிடையாது. ஸ்பானர் கிடையாது, பக்கத்து வீட்டில் இருக்கிறது, அதாவது கிடையாது. வண்டிக்கு அடியில் போவதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் தெரு ஓரம் சிமெண்ட் பூசிய மழைநீர்க் கால்வாய் ஒன்று, கழுத்தளவு ஆழம், கோடையில் காய்ந்து கிடக்கும். காரை அதன் இரு கரையிலும் சக்கரங்கள் நிற்கும்படி தள்ளி நிறுத்தினால், நான் கால்வாய்க்குள் இறங்கி நின்று மேலே பார்த்து வேலை செய்யலாம். பெரிய பட்டறைகளில் குழி வெட்டி வைத்திருப்பது போல.

எஞ்சினைக் கிளப்பக் கூடாது. அவர் அப்போதுதான் தூங்கப் போயிருந்தார். நானும் மனைவியும் தள்ளினோம்.

“வீட்டு வேலக்கி நானு, வண்டி இழுக்கவும் நானா?” என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

“மெதுவாப் பேசு. அவர் முழிச்சுக்குவார்.”

அன்று காலை என்னைப் போல் அக்கம்பக்கத்துத் தூக்கத்தில் அக்கறை கொண்ட மனிதர் அந்த பிளாக்கிலேயே இல்லை. அம்மியில் அரைக்கக் கூடாது என்றேன். வாளியைத் தூக்கி வை, இழுக்காதே என்றேன். ரேடியோவைத் துணி போட்டு மூடினேன், அது பாடாமல் இருந்தபோதே. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல்லை வைத்துவிட்டுப் பூனை போலக் கால்வாயில் இறங்கினேன்.

பழைய ஹேங்கரின் போல்ட் நாலும் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்தேன். பிளேயரால் பிடித்துத் திருகினால், போல்ட் அப்படியே இருக்க என் மணிக்கட்டு திருகிக்கொண்டது. ஒரு மணி நேரத்தில் போல்ட்டும் நானும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். அது கழன்றது, என் விரல் தோலைக் கூலியாக எடுத்துக்கொண்டது. குழாய் இறங்கி என் தோளில் சாய்ந்தது. இனி வேண்டியது ஒரு துண்டு கெட்டி ரப்பர், அவ்வளவுதான். பண்ருட்டிக்குப் பஸ் ஏறினாலும் ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது. இருந்தாலும் அந்தக் காருக்கு என்று கேட்டால் சிரிப்பார்கள்.

கால்வாய்க்குள் நின்றால் என் கண் தெருத் தரைக்கு நேராக இருந்தது. அதற்கு நேர் எதிரே பக்கத்து வீட்டு வாசற்படி. படிக்குக் கீழே மிதியடி.

எங்கள் பிளாக்கில் பாதி வீட்டு வாசல்களில் அந்த மிதியடியைப் பார்க்கலாம். தேய்ந்து கழித்த பெல்ட்டைச் சுரங்கத்தில் துண்டு போட்டு ஒதுக்குவார்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் சீட்டு வாங்கி ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். கனத்த ரப்பர், நடுவில் அடுக்கடுக்காகக் கித்தான். பத்து வருஷம் மிதித்தாலும் ஒன்றும் ஆகாது. அலுவலக ஜாதியான எங்கள் வீட்டு வாசலில் தேங்காய் நார் மிதியடிதான்.

யோசித்தேன். யோசித்தேன் என்று எழுதுவது சம்பிரதாயம், முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. யாருடைய தூக்கத்துக்காக இந்த வேலை? அவருடைய தூக்கத்துக்காக. அவர் மிதியடியில் ஓர் ஓரமாக நாலு விரல் எடுத்தால் என்ன? வைத்தியர் நோயாளி வீட்டுத் துளசியைப் பறித்தால் திருட்டா? இந்த நியாயத்தோடு குனிந்தபடியே போய், மிதியடியைத் தூக்கிக்கொண்டு, என் வீட்டைச் சுற்றிக் கொல்லைப்பக்கம் வந்தேன். ஆக்ஸா பிளேடின் ஒரு முனையில் பழந்துணியைச் சுற்றிப் பிடித்து, தண்ணீரை விட்டு விட்டு அறுத்தேன். ரப்பருக்குத் தண்ணீர் விட்டு அறுத்தால் பிளேடு மாட்டாது, சத்தமும் வராது. மிதியடியின் ஒரு மூலையிலிருந்து அழகான பட்டை ஒன்று வந்தது. மிச்சத்தைக் கொண்டுபோய், அறுத்த பக்கம் சுவரை ஒட்டி இருக்கும்படி போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்தது, போல்ட் நுழையப் பட்டையில் நாலு ஓட்டை. ஆணி இறங்கவில்லை. துளை போடும் கருவி கிடையாது. சுத்தியலால் அடித்தால் சத்தம் கேட்கும். நான்தான் சத்தத்துக்குச் சத்துருவாயிற்றே! கரி அடுப்பில் கிளறுகம்பியைச் செருகி, நுனி பழுக்கும்வரை காத்திருந்து, எடுத்து ரப்பரில் அழுத்தினேன். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. ஒரு சின்னச் சத்தம் கூட இல்லை. இரண்டாவது ஓட்டை. கறுப்புப் புகை சுருண்டு எழுந்து, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரின் மேல் இருந்த காற்றோட்டத் துவாரத்தை நோக்கிப் போனது. சமையலறை நாறியது. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். “நாத்தத்துக்குக் காது கிடையாது” என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன். மூன்றாவது ஓட்டைக்குக் கம்பியை அழுத்தினேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ கவிழ்ந்தது. பின்கதவு படாரென்று திறந்தது.

“பெல்ட்டு! பெல்ட்டு கருகுது! நிறுத்து! நிறுத்துடா!”

அவர்தான். லுங்கியும் பனியனுமாகக் கொல்லையில் ஓடி வந்தார். கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. அவர் நின்றது சுரங்கத்தில். கை வானத்தைத் துழாவி, கொல்லையில் துணி காயப் போடுகிற கம்பியைப் பிடித்தது. இரண்டு கையாலும் பற்றி, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்தார். பெல்ட்டாக இருந்தால் நின்றிருக்கும். இது கொடி. வந்துவிட்டது. மூங்கில் ஒன்று சாய்ந்தது. புடவை, துண்டு, குழந்தைத் துணி, அவருடைய காக்கிச் சட்டை எல்லாம் ஈரத்தோடு அவர் தலைமேல் விழுந்தன.

அவர் மனைவி ஓடி வந்து, “யோவ், என்னய்யா ஆச்சு உனக்கு? வூட்ல இருக்கிறய்யா, வூட்ல!” என்று உலுக்கினாள்.

தலையிலிருந்து புடவையை எடுத்துவிட்டு அவர் சுற்றிலும் பார்த்தார். அப்போதுதான் விழித்தார்.

நான் சிரித்துவிட்டேன்.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். இத்தனை வருஷம் கழித்து யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் சிரித்தேன். பின்கதவில் நின்று, ஒரு கையில் பழுத்த கம்பியும் ஒரு கையில் அவருடைய மிதியடித் துண்டுமாக, வயிற்றைப் பிடிக்கக் கை இல்லாமல் சிரித்தேன்.

அவர் வேலி ஓரம் வந்தார். என் கையைப் பார்த்தார். மோந்தார். உள்ளே போய், தன் வீட்டு முன்வாசல் வரை நடந்து திரும்பி வந்தார். மிதியடி கையில் இருந்தது.

“என்னுத அறுத்துக்கினியா?”

“உங்க தூக்கத்துக்காகத்தான்...”

“என்னுத அறுத்து, எனக்கே வாட காட்டி, என்னையே எழுப்பிவுட்டு, பல்ல காட்டிக்கினு நிக்கிற.” குரல் ஏறவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. “ரெண்டு மணி நேரம் தூங்கியிருப்பேன். இன்னிக்கு நைட்டு கண்ணு சொருகட்டும். மூணாவது மெமோவ உன் வூட்டு நெலையிலதான் வந்து ஒட்டுவேன். இந்தா, குடு.”

பட்டையைப் பிடுங்கிக்கொண்டார். சூடு சுட்டிருக்கும். காட்டிக்கொள்ளவில்லை.

அவர் மனைவி ஈரத் துணியைப் பொறுக்கிக்கொண்டே என் மனைவியைப் பார்த்துச் சொன்னாள்: “உங்க வூட்டுக்காரரு வேலக்கிப் போறாரா, இல்ல எங்க வூட்டுக்காரரு வேலய எடுக்கறதுதான் அவரு வேலயா? கேட்டுச் சொல்லும்மா.”

என் மனைவி எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. “கேக்குறேங்க” என்றாள்.

அதன் பிறகு அவர் தூங்கப் போகவில்லை. முன்வாசற்படியில் மிதியடியை மடியில் வைத்துக்கொண்டு, கால்வாய் மேல் நின்ற காரை முறைத்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்குச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் படுத்தால் போதும் என்று இருந்தது. தெருமுனையில் பலாப்பழ வண்டிக்காரர் ஒருவர் “பண்ருட்டிப் பழேம்!” என்று தொண்டையைத் திறந்தார். ஓடிப்போய் வாயை மூடச் சொன்னேன். “வாங்கினா மூடறேன்” என்றார். முழுப் பழம் ஒன்றை வாங்கித் தோளில் சுமந்து வந்து, அவர் படியருகே வைத்தேன். சமாதானத்துக்கு அதைவிடக் கனமாக எதுவும் கிடைக்கவில்லை.

“இத்த எடுத்துக்கினு போறியா, உன் தல மேல போடட்டுமா?”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது பழம் என் காரின் கூரைமேல் உட்கார்ந்திருந்தது. முள்ளெல்லாம் என்னைப் பார்த்திருந்தது.

குழாய் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ரப்பர் வேண்டும். என் கண் என் வீட்டுச் சுவரில் சாத்தியிருந்த சைக்கிளில் விழுந்தது. பின் டயர் போன மாதம் மாற்றியது. கழற்றி, அரிவாள்மனையில் குறுக்காக நறுக்கினேன். வாழைத்தண்டு நறுக்குகிற அரிவாள்மனை அது, டயரைப் பார்த்து வாய் மழுங்கிவிட்டது. இரண்டு துண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, திருப்புளியின் முனையைத் தேய்த்துக் கூராக்கி, சுற்றிச் சுற்றிக் குடைந்து ஓட்டை போட்டேன். சூடும் இல்லை, சத்தமும் இல்லை. ஓர் ஓட்டைக்கு அரை மணி நேரம். போல்ட் தலை ரப்பருக்குள் புதைந்து போகாமலிருக்க, சோடா பாட்டில் மூடியைத் தட்டையாக்கி நடுவில் துளைத்து வாஷராகப் போட்டேன். கால்வாயில் நின்று, தலையால் குழாயை முட்டுக்கொடுத்துத் தூக்கி, ஒரு முனையை அடிச்சட்டத்திலும் மறுமுனையைக் குழாயின் வளையத்திலும் மாட்டி, பிளேயரால் இறுக்கினேன். கையால் ஆட்டிப் பார்த்தேன். குழாய் ஊஞ்சல் போல மெத்தென்று ஆடியது, தகட்டைத் தொடவில்லை.

ஆனால் கையால் ஆட்டுவது வேறு, எஞ்சின் ஆட்டுவது வேறு. கிளப்பிப் பார்த்தால்தான் தெரியும். கிளப்ப முடியாது, அவர் ஒருவேளை தூங்கிக்கொண்டிருக்கலாம். ராத்திரி அவர் ஷிஃப்டுக்குக் கிளம்பும்வரை அந்த வீட்டுக்குள்ளிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. தூங்கினாரா, விழித்துக்கொண்டு என்னைச் சபித்தாரா, தெரியாது. சைக்கிளில் ஏறும்போது என் பக்கம் பார்த்துக் காறித் துப்பினார். நடை தள்ளாடியது மாதிரி எனக்குப் பட்டது. அவர் போன பிறகாவது கிளப்பிப் பார்த்திருக்கலாம். கை வரவில்லை. சாவியை மனைவி எடுத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள் என்பதும் ஒரு காரணம்.

திங்கட்கிழமை ஆறரை மணிக்கு ஜன்னல் ஓரம் நின்றேன். அவர் வந்தார். மணி அடிக்கவில்லை. முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. கையில் காகிதம் இருக்கிறதா என்று பார்த்தேன். சாப்பாட்டுத் தூக்கு மட்டும்தான். நேராக உள்ளே போய்விட்டார்.

தண்ணீர்க் குழாயடியில் அவர் மனைவிதான் என் மனைவியிடம், எனக்குக் கேட்கிற அளவில் சொன்னாள்.

“ராத்திரி முச்சூடும் உக்காரவே இல்லியாம். உக்காந்தா கண்ணு சொருகிடும்னு அந்தக் கம்பியப் புடிச்சிக்கினே நின்னுக்கினு இருந்தாராம். போர்மேன் மூணு தபா வந்து பாத்துட்டுப் போனானாம். போயி உங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லு, ஒண்ணும் நடக்கல, ஏமாந்துட்டாருன்னு.”

எட்டு மணி. சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் முனகியது, படுத்துவிட்டார். அலுவலகம் போக வேண்டும். சைக்கிளுக்கு டயர் இல்லை, அது காருக்கு அடியில் இருந்தது. காரைக் கிளப்பி, என் டயர் ஹேங்கர் பொய்த்துப்போனால், எட்டு மணி நேரம் நின்ற மனிதனின் தலையில் மறுபடி சேகண்டி. மூன்றாவது மெமோ வந்துவிட இன்னும் மூன்று ராத்திரி பாக்கி இருந்தது.

தள்ளினோம். நானும் மனைவியும், தெரு முழுக்கத் தள்ளினோம். இஸ்திரிச் சட்டையும் டிபன் பாக்ஸுமாகச் சைக்கிளில் அலுவலகம் போனவர்கள் எல்லாம் மெதுவாக மிதித்துப் பார்த்தார்கள். ஒருவர், “சார், அப்படியே ஆபீஸ் வரைக்கும் தள்ளிட்டா பெட்ரோல் மிச்சம்” என்றார். இன்னொருவர் மணி அடித்து வழி கேட்டார். தண்ணீர்த் தொட்டி முனையில், எந்த வீடும் இல்லாத இடத்தில் நிறுத்திக் கிளப்பினேன்.

சத்தமே இல்லை. எஞ்சின் இருமியது, சைலன்சர் வாயை மூடிக்கொண்டிருந்தது. வாசலிலேயே கிளப்பியிருக்கலாம். மனைவி இடுப்பில் கை வைத்து நின்று, என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்ததுதான் அந்த வாரத்திலேயே எனக்கு விழுந்த பெரிய அடி.

மத்தியானம் திரும்பும்போது தெருமுனையிலேயே எஞ்சினை அணைத்து, வண்டியை உருட்டி, காற்றுப் போல வந்து நின்றேன். கதவைக்கூடச் சாத்தவில்லை, ஒட்டினேன். வெற்றி என்று நினைத்த அதே நொடி பக்கத்து ஜன்னல் திறந்தது. அதே மிளகாய்ப் பழக் கண்கள்.

“யோவ்! காலைல போனியா போவலியா நீ?”

“போனேனே. சத்தமே வரல பாத்தீங்களா?”

“சத்தம் வர்லன்னா எனக்கு எப்படிய்யா தெரியும்? இப்ப வரும், இப்ப வரும்னு பல்லக் கடிச்சிக்கினு படுத்துக்கினு இருக்கேன், எட்டு மணியிலேர்ந்து! நீ போயிட்டன்னு தெரிஞ்சாத்தானே மனுசன் கண்ண மூட முடியும்?”

ஒட்டிவைத்த கார்க் கதவை மறுபடி ஒரு தடவை ஒட்டினேன்.

“நாளக்கி போறப்ப ஒரு தபா ஆரன் அடி. ஒரு தபாதான். ரெண்டாவது தபா அடிச்ச, ஸ்பானர எடுத்துக்கினு வருவேன்.”

“ஸ்பானர் தர மாட்டேன்னு சொன்னீங்களே?”

“தர மாட்டேன். அடிப்பேன்.” ஜன்னல் மூடியது. நான் சாப்பிட்டு முடித்து வந்து, அந்த ஜன்னலைப் பார்த்தபடி ஒரே ஒரு முறை ஹாரன் அடித்துவிட்டு அலுவலகம் போனேன்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. காரில் ஏறி, கிளப்பி, ஒரே ஒரு முறை ‘பாம்’ என்றேன். ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது. ஒன்றே ஒன்று, அளவாக. கேட்டுவிட்டார் என்று அர்த்தம். கிளம்பினேன். மத்தியானம் வந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டை, கரி ஏற்றிய பெல்ட் ஓடுவது போல. புதன்கிழமையும் அப்படியே. ‘பாம்’, கெட்ட வார்த்தை, குறட்டை. வார்த்தை வரும்வரை நான் கியர் போட மாட்டேன்.

வியாழக்கிழமை காலை கடைசி நைட் ஷிஃப்டை முடித்து வந்தார். காகிதம் எதுவும் இல்லை. மூன்றாவது மெமோ வரவில்லை, அந்த வருஷம் முழுக்க வரவில்லை. அதற்காக அவர் என்னிடம் பேசிவிடவும் இல்லை. அன்று செய்த ஒரே காரியம், ஞாயிற்றுக்கிழமை உள்ளே எடுத்துக்கொண்டு போன மிதியடியை மறுபடி வெளியே கொண்டுவந்து, அறுத்த மூலை என் வாசலைப் பார்க்கும்படி போட்டதுதான். காலால் அழுத்திச் சரிசெய்துவிட்டு, நான் பார்க்கிறேனா என்று பார்த்தார்.

“அப்பிடியேதான் கெடக்கும். நீ பாத்துக்கினே இரு.”

நான் அந்தக் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிற நாள்வரை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சைக்கிளுக்குப் புது டயர் வாங்கி, அவருக்கு நைட் ஷிஃப்ட் வருகிற வாரங்களில் அதில்தான் போனேன். அந்த வாரங்களிலும், தெருவில் இறங்கியதும், கைப்பிடி மணியை ஒரு தடவை அடிப்பேன். ஜன்னலிலிருந்து பதில் வந்த பிறகுதான் மிதிப்பேன்.